பதினெட்டு வயதுக்கு முன்: பாலின மனவுளைச்சல் கொண்ட இளையோரும் அவர்களது வீடும்

பிறந்தபோது தனக்குக் குறிக்கப்பட்ட பாலும் தன் உள்ளம் உணரும் பாலினமும் பொருந்தவில்லை என்பதை ஒரு பிள்ளை முதன்முதலாக உணரும் வயதுக்கும், மருத்துவ முடிவுகளைத் தானே எடுக்கச் சட்டம் இடம்தரும் 18 வயதுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன. உலகெங்கும் இன்று நடக்கும் சூடான விவாதங்கள் ஊசி, மாத்திரை, அறுவை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருப்பதால், இந்த இடைப்பட்ட ஆண்டுகள் மருத்துவமனையில் அல்ல, வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும்தான் கழிகின்றன என்னும் எளிய உண்மை பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், பட்டாசு ஆலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஆமத்தூர் போன்ற ஓர் ஊரிலிருந்து இப்பொருளைப் பார்த்தால், இளையோருக்கான மருத்துவப் பராமரிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது பிள்ளையின் உடலை அல்ல, அது வாழும் வீட்டையே என்பது தெளிவாகும். தமிழ்நாட்டில் இதற்கான சட்ட வாசல்களும் மருத்துவ வாசல்களும் கடந்த இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கின்றன; அவற்றுக்கும் ஆமத்தூர் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் நோய் வகைப்பாட்டுக் கையேடு, அதுவரை 'பாலின அடையாளக் கோளாறு' என்று வழங்கிய பெயரைக் கைவிட்டு, 'ஜென்டர் டிஸ்போரியா' என்னும் பெயரை ஏற்றது. இதைத் தமிழில் பாலின மனவுளைச்சல் எனலாம். இம்மாற்றத்தின் உட்பொருள் முக்கியமானது: ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது நோயன்று, அவ்வுணர்வுக்கும் உடலுக்கும் இடையிலான முரணால் விளையும் ஆழ்ந்த துயரமே மருத்துவத்தின் கவனத்துக்கு உரியது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஓர் அடி முன்னே சென்று, 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தனது பதினோராம் வகைப்பாட்டில், 'பாலின ஒத்தின்மை' என்னும் நிலையை மனநோய்களின் அதிகாரத்திலிருந்தே எடுத்து, பாலியல் நலம் சார்ந்த நிலைகளின் அதிகாரத்தில் வைத்தது. பருவமடையாத குழந்தைக்கு இந்நிலை இருப்பதாகச் சொல்ல ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இந்த முரண் தொடர்ந்திருக்க வேண்டும் என்றும், ஆடை விருப்பமோ விளையாட்டு விருப்பமோ மட்டும் அதற்குச் சான்றாகாது என்றும் அது வரையறுத்தது.

இந்தக் கடைசி வரையறை தென்மாவட்டத்தாருக்கு எளிதில் விளங்கக்கூடியது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு சேலை உடுத்திப் பெண் வேடம் கட்டும் ஆணை யாரும் திருநங்கை என்று கருதுவதில்லை. வேடம் வேறு, உணர்வு வேறு என்பது ஊருக்குத் தெரியும். அதேபோல, பம்பரம் சுற்றும் சிறுமியும் கோலம் போடும் சிறுவனும் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் அல்லர். பிறந்தபோது ஆண் என்று குறிக்கப்பட்டுத் தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டுத் தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இத்தகையோரைப் பொதுவாக மருவிய பாலினர் என்பர். இவ்விரு நிலைகளும் ஊடுபால் எனப்படும் மற்றொரு நிலையிலிருந்து வேறுபட்டவை; குரோமோசோம், சுரப்பி, உறுப்பு ஆகியவற்றில் பிறப்பிலேயே ஆண், பெண் என்னும் இரு வகைகளுக்குள் அடங்காத உடலமைப்பைக் குறிப்பது அது.

குழந்தைமையும் வளரிளமையும்

பெற்றோரின் முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்: இது வளர வளரச் சரியாகிவிடுமா? ஆய்வுகள் இதற்கு ஒரே விடையைத் தரவில்லை. கனடாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுவயதில் மருத்துவரிடம் அழைத்துவரப்பட்ட 25 சிறுமியரில் வளர்ந்த பின்னும் மனவுளைச்சல் நீடித்தவர்கள் 3 பேர் மட்டுமே. நெதர்லாந்தில் 2013-இல் வெளியான ஆய்வில் 127 பேரில் 47 பேருக்கு அது நீடித்தது. மாறாக, அமெரிக்காவில் கிறிஸ்டினா ஓல்சனின் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தின் ஆதரவோடு பெயரையும் தோற்றத்தையும் முன்னரே மாற்றிக்கொண்ட 317 சிறார்களில் 94 விழுக்காட்டினர், ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் தம்மை மருவிய பாலினராகவே அடையாளப்படுத்தினர். இம்முடிவுகள் முரண்படுவதுபோல் தோன்றினாலும், அவை வெவ்வேறு கூட்டத்தாரை அளந்தவை. பழைய வரையறைகள், 'நான் ஆண்' அல்லது 'நான் பெண்' என்று அழுத்திச் சொல்லாத, நடத்தையில் மட்டும் மாறுபட்ட குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டன. ஓல்சனின் ஆய்வோ ஏற்கெனவே உறுதியாகச் சொல்லி, வீட்டாரும் ஏற்றுக்கொண்ட பிள்ளைகளைப் பற்றியது. எந்தக் குழந்தை எந்த வழியில் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. ஆகவே, குழந்தைப் பருவத்தில் மருந்துக்கு இடமே இல்லை என்பதில் எல்லாத் தரப்பும் ஒன்றுபடுகின்றன. அவ்வயதில் செய்யக்கூடியதெல்லாம் பிள்ளையைக் கேட்பதும் காப்பதும் காத்திருப்பதுமே.

பருவமடைதல் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. குரல் உடைவதும் மீசை அரும்புவதும், அல்லது மார்பு வளர்வதும் மாதவிடாய் வருவதும், உளைச்சலைப் பன்மடங்காக்கக்கூடும். தமிழ்நாட்டில் இதனோடு ஒரு சமூக நிகழ்வும் சேர்ந்துகொள்கிறது. தன்னை ஆணாக உணரும் பிள்ளை வயதுக்கு வந்ததும், தனியே உட்காரவைத்து, மஞ்சள் நீராட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவர, பட்டுப்புடவை கட்டி, தெருமுனையில் பிளக்ஸ் வைத்து, மொய் எழுதி ஊரறிய 'இவள் பெண்' என்று அறிவிக்கும் சடங்கு, அந்தப் பிள்ளையின் நெஞ்சில் என்ன செய்கிறது என்பதை மேலைநாட்டு வழிகாட்டு நூல் எதுவும் சொல்லாது. பூப்பு நீராட்டு விழாவுக்குப் பிறகு பேச்சு குறைந்த, பள்ளிக்குப் போக மறுக்கும், துணியால் மார்பை இறுக்கிக் கட்டிக்கொள்ளும் பிள்ளையை வெறும் அடம் என்று ஒதுக்காமல் விசாரித்தறிவது, இவ்வட்டாரத்தில் பணியாற்றும் மருத்துவருக்கும் ஆசிரியருக்கும் அடிப்படைத் தேவையாகும். இறுகக் கட்டிய துணி, விருதுநகர் வெயிலில் மூச்சுத்திணறலையும் விலா வலியையும் தோல் புண்ணையும் தரக்கூடும். அதை உடம்புக்கு வந்த நோயாக மட்டும் பார்த்துக் களிம்பு தந்து அனுப்பினால் காரணம் மறைந்தே இருக்கும்.

மருந்தும் அதன் மீதான விவாதமும்

வளரிளம் பருவத்தாருக்கான மருத்துவ முறை முதலில் நெதர்லாந்தில் வகுக்கப்பட்டது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு விட்டுவிட்டுக் கிடைக்கும் இயல்பான தூண்டலுக்குப் பதிலாக, இடைவிடாத தூண்டலைத் தரும் ஊசிமருந்தால் அச்சுரப்பியை ஓயவைத்து, பருவ வளர்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்துவது அதன் முதற்படி. மிக இளவயதிலேயே பூப்பெய்தும் குழந்தைகளுக்கு நெடுங்காலமாகத் தரப்படும் அதே வகை மருந்துதான் இது. அடுத்த படி, ஏறத்தாழ 16 வயதளவில் தொடங்கும் ஹார்மோன் சிகிச்சை: திருநம்பிக்கு டெஸ்டோஸ்டிரோன், திருநங்கைக்கு ஈஸ்டிரோஜன். அறுவை, 18 வயதுக்குப் பின். முதற்படியின் விளைவுகள் பெரும்பாலும் மீளக்கூடியவை என்று கருதப்பட்டாலும் எலும்பின் அடர்த்தி குறையக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் படியில் குரல், முடி போன்றவற்றில் நேரும் சில மாற்றங்கள் மீளாதவை, கருவளமும் பாதிக்கப்படலாம்.

இம்முறையின் சான்று வலிமை பற்றி இன்று உலகம் பிளவுபட்டு நிற்கிறது. பின்லாந்து 2020-லும் சுவீடன் 2022-லும் சிறார்க்கான மருந்துகளைக் கடுமையாக வரையறுத்தன. இங்கிலாந்தில் ஹிலாரி காஸ் தலைமையிலான மீளாய்வு 2024 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி அறிக்கை, பருவத்தடை மருந்துகளுக்கான சான்றுகள் வலுவற்றவை என்றது. மாறாக, மருவிய பாலினர் நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022-இல் வெளியிட்ட எட்டாம் பராமரிப்பு நெறிமுறை, முழுமையான உடல், உள, சமூக மதிப்பீட்டுக்குப் பின் தகுந்தவர்க்கு இம்மருந்துகளைத் தரலாம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2023-இல் தன் ஆதரவு நிலைப்பாட்டை மீண்டும் உறுதிசெய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, சிறார்க்கு இச்சிகிச்சையைத் தடுக்கும் டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று 2025 ஜூனில் தீர்ப்பளித்தது.

இவ்வளவு கடுமையாக மோதும் தரப்புகளும் சிலவற்றில் ஒத்துப்போகின்றன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அவசரமற்ற முழு மதிப்பீடு, உடனிருக்கும் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு உரிய சிகிச்சை, ஆட்டிசம் இருக்கிறதா என்னும் கவனம், குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவற்றை இரு தரப்பும் வலியுறுத்துகின்றன. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, மருவிய பாலினரிடையே ஆட்டிசம் மற்றவர்களிடம் உள்ளதைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு காணப்படுவதாகக் கூறியது. இதனால் அவர்களது பாலின உணர்வு பொய்யாகிவிடாது, ஆனால் அவர்களோடு பேசும் முறையும் எடுத்துக்கொள்ளும் காலமும் மாற வேண்டியிருக்கும்.

வீட்டின் சொற்கள்

குடும்ப ஆதரவின் மதிப்பை அளந்த ஆய்வுகளில் 2018-இல் வெளியான ஒன்று குறிப்பிடத்தக்கது. 129 இளையோரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர் வட்டம் ஆகியவற்றில் தாம் தேர்ந்த பெயரால் அழைக்கப்படும் இடம் ஒன்று கூடுந்தோறும் தற்கொலை எண்ணம் 29 விழுக்காடும் தற்கொலை முயற்சி சார்ந்த நடத்தை 56 விழுக்காடும் குறைவாகக் காணப்பட்டன. ஆதரவான வீட்டுப் பிள்ளைகள் வேறு வகைகளிலும் நல்ல நிலையில் இருந்திருக்கக்கூடும் என்பதால், பெயர் மட்டுமே இதற்குக் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆயினும், மருந்தைப்போல் பக்கவிளைவோ செலவோ இல்லாத ஒன்றுக்கு இது வலுவான பரிந்துரையே.

ஆங்கிலத்தில் இச்சிக்கல் பெயரிலும் சுட்டுச் சொல்லிலும் முடிந்துவிடுகிறது. தமிழில் அது இலக்கணத்தின் உள்ளேயே இருக்கிறது. படர்க்கை ஒருமை வினைமுற்று பாலைச் சுமந்தே வருவதால், 'வந்தான்', 'வந்தாள்' என்னும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பாகிறது. தன்மையில் பால் இல்லை. 'நான் வந்தேன்' என்று பிள்ளை எதையும் வெளிப்படுத்தாமல் சொல்லிவிடலாம். பிறர் தன்னைப் பற்றிப் பேசும்போதுதான் அது காயப்படுகிறது. முன்னிலையிலும் 'வாடா', 'வாடி' என்பவை பாலைக் கொண்டுவந்துவிடும். கரிசல் வட்டாரப் பாட்டிமார் பேரனை 'எய்யா' என்றும் பேத்தியைத் 'தாயி' என்றும் அழைப்பதும் அப்படியே.

ஆனால், அதே பேச்சுத் தமிழ் ஓர் இடைவழியையும் வைத்திருக்கிறது. வீட்டில் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது, 'புள்ள சாப்பிட்டுச்சா', 'புள்ள தூங்கிருச்சு' என்று அஃறிணை முற்றால் சொல்வது அன்பின் வழக்கு. மகன் என்று சொல்லவும் மகள் என்று சொல்லவும் நா எழாத பெற்றோருக்கு, இந்தப் 'புள்ள' என்னும் சொல், பொய்யும் சொல்லாமல் பிள்ளையையும் புண்படுத்தாமல் சில மாதங்களைக் கடக்கும் பாலமாக அமையலாம். அஃறிணை எங்கும் அன்பாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: தேநீர்க் கடை வாசலில் 'அது வருது பாரு' என்னும்போது அதே இலக்கணம் இழிவாக மாறுகிறது. வீட்டில் தொடங்கி, வளர்ந்த பின் 'வந்தார்' என்னும் மரியாதைக்கோ, அவர் விரும்பும் முற்றுக்கோ போய்ச் சேர வேண்டிய வழி அது.

மூடிய வீடும் ஜமாத்தும்

வீட்டில் இவ்வழி அமையாதபோது நேர்ந்தவற்றைத் திருநங்கையர் தம் வரலாறுகளிலேயே எழுதியிருக்கின்றனர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா', ரேவதியின் தன்வரலாறு ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. அடித்தும், முடியை மழித்தும், கோடாங்கியிடம் குறி கேட்டும், மந்திரித்துக் கயிறு கட்டியும் பார்த்த பின், பல வீடுகள் பிள்ளையை வெளியேற்றின, அல்லது பிள்ளையே ஓடிப்போக நேர்ந்தது. அப்படிப் போனவர்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவு, மூத்த திருநங்கையர் இளையோரை மகளாகத் தத்தெடுக்கும் ஜமாத் அமைப்பாகும். அங்கே தாயும் பாட்டியும் உறவுமுறையும் உண்டு; ஆனால் பள்ளி இல்லை, பிழைப்புக்குக் கடைகடையாய்க் காசு கேட்கும் கடைகேட்டலும் பாலியல் தொழிலும் தவிர வேறு வழியும் அரிது. நிர்வாணம் எனப்படும் உறுப்பு நீக்கமும் நெடுங்காலம் தாயம்மாக்கள் எனப்படும் மூத்த திருநங்கையர் கையாலோ, வசதியற்ற தனியார் அறைகளிலோ நடந்துவந்தது. திருநம்பியருக்கு இத்தகைய அமைப்புகூட இல்லை. வீட்டுக்காவலும் கட்டாயக் கல்யாணமும் அவர்களை மறைத்துவிட்டன. வீடு செய்யத் தவறிய பராமரிப்பை ஜமாத் தன் முறையில் ஏற்றது என்பதே இவ்வரலாறு காட்டுவது. இளையோர்க்கான மருத்துவ ஏற்பாடு எதுவும் முதலில் மாற்ற வேண்டியது இந்த வெளியேற்றத்தைத்தான்.

அரசும் நீதிமன்றமும்

தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15-இல், நாட்டிலேயே முதன்முறையாக, மருவிய பாலினருக்கென நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் பால்மாற்று அறுவை இலவசமாகச் செய்யப்படவும் வழிவகுத்தது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) தொடுத்த வழக்கில், தன் பாலினத்தைத் தானே தீர்மானிப்பது ஒருவரின் அடிப்படை உரிமை என்றது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஊடுபால் குழந்தைகளுக்கு அவர்கள் ஒப்புதல் தரும் வயதுக்கு முன்னரே பாலை 'ஒழுங்குபடுத்தும்' அறுவை செய்வதைத் தடுக்குமாறு கூற, அதே ஆண்டு ஆகஸ்டில் மாநில அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றில் அதைத் தடைசெய்து ஆணையிட்டது. பிள்ளையின் உடல் பற்றிய மீளாத முடிவைப் பெரியவர்கள் அவசரத்தில் எடுக்கலாகாது என்னும் நெறி இதன் வழியே நிலைபெற்றது.

2021 ஜூன் 7-இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரையொருவர் நேசித்து, பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு இளம்பெண்களின் வழக்கில் பிறப்பித்த இடைக்கால ஆணை, குடும்பம் பற்றிய இவ்விவாதத்துக்கு மிக நெருக்கமானது. இப்பொருளில் தமக்கிருந்த அறியாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் தாமே அமர்வில் பங்கேற்று, பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பிய பின்னரே அவர் ஆணையை எழுதினார். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுவதாகச் சொல்லும் 'மாற்றுச் சிகிச்சை' தடைசெய்யப்பட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது. பிள்ளையை எப்படியாவது 'பழைய மாதிரி' ஆக்கித் தருமாறு கேட்கும் பெற்றோரிடம், அப்படி ஒரு சிகிச்சை இல்லை என்று சொல்லும் கடமை இன்று ஒவ்வொரு மருத்துவருக்கும் உண்டு.

மருவிய பாலினரின் உரிமைகளைப் பாதுகாக்க 2019-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மருவிய பாலினர் என்பதற்காக எந்தக் குழந்தையையும், அதன் நலன் கருதிய நீதிமன்ற ஆணையின்றி, பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்றது. 18-ஆம் பிரிவு, ஒருவரை வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ வெளியேற்றுவதை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால், பிள்ளை பள்ளியில் கழிக்கும் பொழுதுக்கு இத்தகைய தெளிவு இல்லை: மருவிய பாலினக் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றித் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2021-இல் வெளியிட்ட ஆசிரியர் பயிற்சிக் கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது.

ஆமத்தூரிலிருந்து மதுரைக்கு

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பாலின வழிகாட்டு மையங்கள் தொடங்கப்பட்டுள்ளன. மனநலம், நாளமில்லாச் சுரப்பி, மகளிர் நலம், ஒட்டுறுப்பு அறுவை எனப் பல துறை மருத்துவர்களை ஒருங்கே அணுகச்செய்வதே இவற்றின் பயன். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், முதல் மதிப்பீட்டுக்கு மாவட்டத்தைத் தாண்ட வேண்டிய தேவையும் குறைந்திருக்கிறது. ஆனால், பட்டாசுத் தொழிலாளிக்குத் தொலைவு கிலோமீட்டரில் மட்டும் இல்லை. வேலைக்கேற்ற கூலியை வாரக்கடைசியில் வாங்கும் பெற்றோருக்கு ஓய்வுநாள் ஞாயிறு. அரசு மருத்துவமனையின் சிறப்பு வெளிநோயாளர் பிரிவுகள் இயங்காத நாளும் அதுவே. ஆகவே, மருத்துவரை ஒவ்வொரு முறை பார்ப்பதும் இருவரது ஒருநாள் கூலியை விலையாகக் கேட்கிறது. ஒரே ஒரு சந்திப்பில் முடியாத, மாதக்கணக்கில் நீளும் ஒரு மதிப்பீட்டுக்கு இது பெருந்தடை. 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயரில் 14416 என்ற எண்ணில் இயங்கும் தொலைபேசி மனநல சேவை இவ்விடத்தில் பயன்படும். தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களை முதல் சந்திப்புகளுக்குத் திட்டமிடுவதும் வட்டார மருத்துவர்களால் இயலும்.

அச்சந்திப்புகளில் முதலில் நடக்க வேண்டியது, பெற்றோரைத் தனியே அமரவைத்துக் கேட்பது. வாரிசு பற்றிய கவலை, உடன்பிறந்தவளின் கல்யாணம் தடைப்படுமோ என்னும் அச்சம், தாய்மாமனுக்கு என்ன பதில் சொல்வது என்னும் கூச்சம் ஆகியவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளாமல் கேட்டால்தான், அடிப்பதையும் பூட்டிவைப்பதையும் நிறுத்துங்கள் என்று சொல்ல இடம் கிடைக்கும். தம்மைப்போன்ற வேறு பெற்றோரைச் சந்திப்பது மருத்துவரின் அறிவுரையைவிட ஆழப் பதியும். 'ஸ்வீகார்' என்னும் பெற்றோர் அமைப்பும் சென்னையில் தொடங்கிய 'ஓரினம்' கூட்டமைப்பும் இத்தகைய துணையைத் தருகின்றன. அடுத்து வருபவை சிறியவை: முடிவெட்டில் ஒரு விட்டுக்கொடுத்தல், பள்ளியில் ஆசிரியர்களுக்கான கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி, வீட்டுக்குள் மட்டும் வழங்கும் ஒரு பெயர், நம்பத்தக்க ஓர் ஆசிரியர், சடங்கைச் சுருக்கி வீட்டோடு முடித்துக்கொள்ளும் துணிவு. இவற்றில் எதுவும் மீள முடியாததன்று. பிள்ளை பின்னாளில் எந்த வழியில் சென்றாலும் இவற்றால் இழப்பு இல்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் ஊரைவிட்டுப் போவது எளிதில் மீளக்கூடியதன்று.

இந்தக் கணக்கே இக்கட்டுரை வைக்கும் வாதத்தின் அடிப்படை. மருந்தைப் பற்றிய உலக விவாதம் எப்படி முடிந்தாலும், 18 வயதில் அந்த இளையவர் மதுரை மையத்தின் வாசலில் பெற்றோரோடு நிற்கிறாரா, தனியே நிற்கிறாரா, அல்லது அங்கே வந்து சேரவே இல்லையா என்பது அதற்கு முந்திய ஆண்டுகளில் வீட்டில் முடிவாகிவிடும். மாலையில் ஆலை வண்டி ஊருக்குள் வந்து ஆட்களை இறக்கிவிட்ட பின், கைகால் கழுவிக்கொண்டே ஒரு தாய், 'புள்ள பள்ளிக்கூடத்துலேருந்து வந்துருச்சா?' என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் நிலைத்திருப்பதே மருத்துவம் முதலில் காக்க வேண்டியது.